முதியோர் இல்லங்கள்: தங்குமிடமா? வாழுமிடமா?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பங்கின் இளைஞர்கள் சிலரோடு முதியோர் இல்லம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். கையில் பிரியாணிப் பொட்டலங்கள், வாழைப்பழம், ஆளுக்கொரு துண்டு, சேலை. பாடினோம், செபித்தோம், பரிமாறினோம், நிழற்படம் எடுத்துக்கொண்டோம். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. புறப்படும் வேளையில்தான் தெரிய வந்தது: அன்று காலையில் ஒரு குடும்பத்தார் தங்கள் குழந்தையின் பிறந்தநாளுக்காக இட்லியும் கேசரியும் கொடுத்துவிட்டுப் போயிருந்தனர். மாலையில் வேறொரு குழுவினர் வருவதாக இருந்தது. நாம் கொடுத்த பொட்டலங்களில் பாதி பிரிக்கப்படாமலே கிடந்தன.

வாசலில் அமர்ந்திருந்த ஒரு தாயார் நம்மைக் கைகாட்டி அழைத்தார். வயது எண்பதை நெருங்கியிருக்கும். பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்நாளெல்லாம் கூலி வேலை செய்தவர். “சாமி, சோத்துக்கு ஒண்ணும் கொறையில்ல. உக்காந்து உக்காந்து கைதான் மரத்துப் போச்சு. அடுத்த தடவ வரும்போது ஒரு மூட்டை சின்ன வெங்காயம் கொண்டாரச் சொல்லுங்க. நாங்க தாள் நறுக்கித் தர்றோம்” என்றார்.

நாமும் சிரித்தோம், இளைஞர்களும் சிரித்தார்கள். தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டோம். ஆனால் அந்தச் சொற்கள் நம்மை விடவில்லை. அந்தத் தாய் கேட்டது உணவு அல்ல, உடை அல்ல, பணமும் அல்ல. தன் கைகளுக்கு ஒரு வேலை கேட்டார். தான் இன்னும் யாருக்கோ தேவைப்படுகிறவர் என்ற நிறைவைக் கேட்டார். இதை நாம் கொடுக்கிறோமா? இன்றைய சிந்தனை இதுதான்.

அங்கே இருப்பவர்கள் யார்?

முதியோர் இல்லம் என்றதும் ‘பிள்ளைகளால் துரத்தப்பட்டவர்கள்’ என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். மறையுரைகளில் நாமும் அப்படிப் பேசியதுண்டு. அது முழு உண்மை அல்ல. பிள்ளையில்லாத தம்பதியர் உண்டு. திருமணம் செய்யாமல் உடன்பிறந்தோரின் பிள்ளைகளை வளர்த்தவர்கள் உண்டு. மகனைத் தங்களுக்கு முன்பே அடக்கம் செய்தவர்கள் உண்டு. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பெரும்பகுதி மழையை நம்பிய மானாவாரி நிலம். மழை பொய்த்தால் இளையோர் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகின்றனர். ஊரில் தனியே விடப்பட்ட தாய் ஒருநாள் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், கண்ணீரோடுதான் பிள்ளைகள் இல்லத்தைத் தேடுகிறார்கள்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தோர் இந்திய மக்கள்தொகையில் 8.6 விழுக்காட்டினர், தமிழகத்திலோ 10.4 விழுக்காட்டினர். அதன்பின் இந்த அளவு கூடியே வந்திருக்கிறது. ஆகவே முதியோர் இல்லம் யாரோ சிலரின் கதை அல்ல. நம்மில் பலருடைய நாளைய முகவரியாகவும் அது இருக்கலாம். அப்படியானால், அது தங்கும் இடமாக மட்டும் இருந்தால் போதுமா?

மூன்று நோய்கள்

1991ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நியூ பெர்லின் என்னும் சிற்றூரில் இருந்த முதியோர் இல்லத்திற்கு பில் தாமஸ் என்ற இளம் மருத்துவர் பொறுப்பேற்றார். அங்கே எண்பது பேர் வரை இருந்தனர். மருந்தும் உணவும் தூய்மையும் குறைவின்றி இருந்தன. ஆனால் யார் முகத்திலும் உயிரில்லை. அவர்களை வாட்டுவது மூன்று நோய்கள் என்று அவர் கண்டார்: தனிமை, சலிப்பு, தன்னால் எதுவும் ஆகாது என்ற இயலாமை உணர்வு. இந்த மூன்றுக்கும் மாத்திரை இல்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு நாய்களையும் நான்கு பூனைகளையும் நூறு பறவைகளையும் இல்லத்திற்குள் கொண்டுவந்தார். அறைதோறும் செடிகள் வைத்தார். தோட்டம் போட்டார். பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கே வந்து விளையாட வழிசெய்தார். பேசவே மாட்டார் என்று கருதப்பட்டவர்கள் பேசத் தொடங்கினர். நடக்காமல் கிடந்த சிலர், ‘நாயை நான் வெளியே அழைத்துப் போகிறேன்’ என்று எழுந்து வந்தனர். பின்னர் இதுபோன்ற வேறொரு இல்லத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது இங்கே மருந்துகளின் தேவை பாதியாகக் குறைந்திருந்தது. இறப்புகளும் 15 விழுக்காடு குறைந்திருந்தன. இந்திய வம்சாவளி மருத்துவர் அதுல் கவாண்டே 2014இல் வெளியிட்ட தமது நூலில் இந்த நிகழ்வை விரிவாக விளக்கியிருக்கிறார்.

இதற்கு முன்பே, 1976இல், எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியல் அறிஞர்கள் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், “உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த நாளில் திரைப்படம் பார்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். இந்தச் செடியையும் நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். இன்னொரு தளத்திலும் செடி கொடுத்தார்கள். ஆனால், “எல்லாவற்றையும் பணியாளர்களே பார்த்துக்கொள்வார்கள்” என்றார்கள். மூன்று வாரங்களில் வேறுபாடு தெரிந்தது. தாங்களே முடிவெடுத்தவர்கள் அதிக மகிழ்ச்சியோடும் சுறுசுறுப்போடும் இருந்தனர். இரண்டு தளத்திலும் அதே செடிதான். யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதில்தான் வேறுபாடு!

தனிமை உடலையும் கொல்கிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் குழு 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், ஆண்டுதோறும் சுமார் 8,71,000 இறப்புகளோடு தனிமைக்குத் தொடர்பு உண்டு என்றும் கூறுகிறது.

நமக்கு அருகில் ஒரு முயற்சி

‘இதெல்லாம் வெளிநாட்டுக் கதை’ என்று சொல்லத் தோன்றும். நம் பக்கத்து மாவட்டமான கடலூரைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பின், ஆதரவற்ற முதியோருக்காக ‘ஹெல்ப்பேஜ் இந்தியா’ நிறுவனம் அங்கே ‘தாமரைக்குளம்’ என்ற முதியோர் கிராமத்தை உருவாக்கியது. சுமார் நூறு பேர் தங்குவதற்கான சிறு சிறு வீடுகள், தோட்டம் என ஒரு கிராமம் போலவே அது அமைக்கப்பட்டது. முதியோர் அங்கே செடி வளர்த்தலிலும் கைவேலைகளிலும் ஈடுபட்டார்கள். அவர்களை ‘பராமரிக்கப்படுவோர்’ என்று பார்க்காமல் ‘கிராமத்தார்’ என்று பார்த்ததே அதன் சிறப்பு.

ஆதரவற்ற குழந்தைகளும் முதியோரும் ஒரே வளாகத்தில் தங்கும் ஒருங்கிணைந்த இல்லங்களுக்கு நிதியுதவி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசும் வகுத்தது. பாட்டி இல்லாத குழந்தைக்குப் பாட்டி, பேரன் இல்லாத பாட்டிக்குப் பேரன்!

சட்டமும் இதை மறக்கவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 19ஆம் பிரிவு, மாவட்டந்தோறும் ஆதரவற்ற முதியோருக்கு இல்லம் அமைப்பதைப் பற்றிப் பேசுகிறது. அந்த இல்லங்களில் மருத்துவ வசதியோடு பொழுதுபோக்கு வசதியும் இருக்க வேண்டும் என்று மாநில அரசு விதி வகுக்கலாம் என்கிறது. மருந்தையும் மகிழ்ச்சியையும் ஒரே வரியில் வைத்திருக்கிறது சட்டம். நாம்தான் மருந்தோடு நின்றுவிடுகிறோம்.

என்ன செய்யலாம்?

முதலாவது, கண்ணும் காதும். எந்த நிகழ்ச்சி நடத்தினாலும் கேட்காதவருக்கும் பார்வை மங்கியவருக்கும் அது வெறும் இரைச்சல்தான். பலர் ‘ஒதுங்கியே இருக்கிறார்’ என்று சொல்லப்படுவதற்குக் காரணம் மனவருத்தம் அல்ல, காதில் அடைத்திருக்கும் அழுக்கோ, உடைந்துபோன மூக்குக் கண்ணாடியோ ஆகும். பிரியாணிக்குச் செலவிடும் பணத்தில் ஒருமுறை கண், காதுப் பரிசோதனை நடத்தினால் பலர் மீண்டும் பேச்சில் கலந்துகொள்வார்கள்.

இரண்டாவது, கைக்குப் பழகிய வேலை. நம் பகுதி இல்லங்களில் இருக்கும் தாய்மார்களைக் கேளுங்கள். பருத்தி எடுத்தவர்கள், மக்காச்சோளம் உதிர்த்தவர்கள், வெங்காயப் பட்டறை போட்டவர்கள் இருப்பார்கள். ஆண்டிமடம், செயங்கொண்டம் பக்கத்தவர்கள் முந்திரிக்கொட்டை உடைத்தவர்களாக இருப்பார்கள். கீரை ஆய்தல், பூக்கட்டுதல், வேர்க்கடலை உரித்தல், தொட்டியில் கத்தரி, வெண்டை வளர்த்தல் ஆகியவை அவர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. அறுபது ஆண்டு வாழ்வின் தொடர்ச்சி. ஒன்றை மறக்க வேண்டாம்: இது கட்டாயமாகிவிடக் கூடாது. முடிந்தவர் முடிந்த அளவு செய்யட்டும். ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. விலைக்கு விற்றால் அந்தப் பணம் அவர்களுக்கே சேரட்டும்.

மூன்றாவது, விளையாட்டும் பாட்டும். பல்லாங்குழி, தாயம், பரமபதம், ஆடுபுலி ஆட்டம் இவற்றுக்குச் செலவு அதிகமில்லை. பல்லாங்குழியில் முத்துகளை எண்ணிப் போடுவது விரல்களுக்கும் நினைவுக்கும் ஒருங்கே பயிற்சி. மறதி நோயால் பாதிக்கப்பட்டோருக்குப் பெரும்பாலும் அண்மை நிகழ்வுகள்தாம் முதலில் மறக்கின்றன. சிறுவயதில் மனத்தில் பதிந்தவை நெடுநாள் நிற்கின்றன. மகளின் பெயரை மறந்த தாய், நடவுப் பாட்டை அடி பிசகாமல் பாடுவதை நாம் கண்டிருக்கிறோம். தவக்காலப் புலம்பல்களையும் பழைய தமிழ்ச் செபங்களையும் நாம் தொடங்கி வைத்தாலே போதும், அவர்கள் முடித்து வைப்பார்கள். இல்லத்தில் இந்து, இஸ்லாமிய சகோதர சகோதரிகளும் இருப்பார்கள். பொங்கலும் ரம்சானும் அங்கே கிறிஸ்துமஸ் போலவே கொண்டாடப்பட வேண்டும்.

நான்காவது, ஆண்களை மறக்க வேண்டாம். தாய்மார்கள் எப்படியோ ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள். ஆண்களோ சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறார்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் சிமெண்ட் ஆலையிலும் லாரியிலும் உழைத்தவரைக் கைதட்டிப் பாடச் சொன்னால் வருவாரா? அவருக்குத் தேவை டீக்கடை பெஞ்சு! காலையில் ஒரு நாளிதழ், ஒரு வானொலி, ஒரு டீ, எதிரே வாதாட ஓர் ஆள். பழுதான மின்விசிறியைக் கழற்றிப் பார்க்கவும், வாசல் கதவைச் சாத்தித் திறக்கவும் பொறுப்புக் கொடுத்துப் பாருங்கள்.

ஐந்தாவது, கதை கேட்க ஆள். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் நிகழ்ந்த தொடர்வண்டி விபத்தை நாம் நூல்களில் படிக்கிறோம். அந்த விபத்துக்குப் பொறுப்பேற்று இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அன்று சிறுவர் சிறுமியராக இருந்து அந்தச் செய்தியைக் கேட்டவர்கள் இன்று எண்பது வயதை ஒட்டியவர்கள். நம் மறைக்கல்வி மாணவர்கள் ஒரு குறிப்பேட்டோடு அவர்கள் அருகில் அமர்ந்து, அந்நாளில் ஊர் எப்படி இருந்தது, பஞ்ச காலத்தில் என்ன சாப்பிட்டார்கள், ஏலாக்குறிச்சித் திருவிழாவிற்கு எப்படி மாட்டுவண்டி கட்டிப் போனார்கள் என்று கேட்டு எழுதினால் என்ன? கேட்பவருக்கு வரலாறு கிடைக்கும். சொல்பவருக்கோ, ‘என் வாழ்வு வீண்போகவில்லை’ என்ற நிறைவு கிடைக்கும்.

ஆறாவது, வாசலுக்கு வெளியே. இல்லத்திற்கு நாம் போவதைப் பற்றியே பேசுகிறோம். அவர்கள் வெளியே வருவதைப் பற்றி நினைக்கிறோமா? ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு வேன் அமர்த்தி அடைக்கல மாதாவின் ஏலாக்குறிச்சிக்கோ, அவர்கள் பிறந்த ஊருக்கோ, ஒரு திருமண வீட்டிற்கோ அழைத்துச் செல்லலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு நம் ஆலயத் திருப்பலிக்கு அழைத்து வந்து முன் வரிசையில் அமர்த்தலாம். படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு வாரம் ஒருமுறை தொலைபேசியில் உறவினரின் குரலையாவது கேட்கச் செய்யலாம்.

பங்கின் கடமை

இவ்வளவையும் இல்லத்தை நடத்தும் அருள்சகோதரிகளும் பணியாளர்களும் தனியே செய்ய முடியுமா? முடியாது. குளிப்பாட்டவும் உணவூட்டவும் மருந்து கொடுக்கவுமே அவர்களுக்குப் பொழுது போதவில்லை. ஆகவே, ‘நீங்கள் ஏன் செய்யவில்லை?’ என்று அவர்களிடம் கேட்பதை விட்டு, ‘நாங்கள் எந்த நாளில் வரலாம்?’ என்று கேட்போம்.

ஒவ்வோர் அன்பியமும் முறைவைத்து மாதத்தில் ஒரு நாளை ஏற்றுக்கொள்ளலாம். கூட்டமாகப் போக வேண்டாம், நான்கு பேர் போதும். ஆனால் அதே நான்கு பேர் அதே நாளில் தவறாமல் போக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் நாற்பது பேரைவிட, வியாழக்கிழமைதோறும் வரும் ஒருவருக்காகவே முதியவர் காத்திருப்பார். காத்திருக்க ஒருவர் இருப்பதே அவருக்கு மருந்து. நெதர்லாந்தின் டெவென்டர் நகரிலுள்ள ‘ஹியுமானிட்டாஸ்’ முதியோர் இல்லம் 2010களில் கல்லூரி மாணவர்களை வாடகையின்றித் தங்க அனுமதித்தது. அவர்கள் கொடுக்க வேண்டியது பணம் அல்ல, மாதம் 30 மணி நேரம் நல்ல அயலாராக இருப்பதுதான். நம் இளைஞர்களிடம் மாதம் இரண்டு மணி நேரம் கேட்பது மிகையா?

பிறந்தநாள் உணவு கொடுக்க விரும்புவோர் முன்கூட்டியே இல்லத்தில் கேட்டு, யாரும் வராத நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். கொடுத்துவிட்டுப் போகாமல் அவர்களோடு அமர்ந்து உண்ணுங்கள். அவர்களுடைய பிறந்தநாள் எது என்றும் கேளுங்கள். அனுமதியின்றி நிழற்படம் எடுக்காதீர்கள். நம் ஈகைக்குச் சாட்சி சொல்வது அவர்கள் வேலை அல்ல.

இப்பணிக்கு நமக்கு முன்னோடிகள் உண்டு. 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிரான்சு நாட்டில், பார்வையிழந்த மூதாட்டி ஒருவரைத் தம் இல்லத்திற்குக் கொண்டுவந்து தம் படுக்கையையே கொடுத்தவர் புனித ஜான் ஜுகான். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை அந்த ஒரு படுக்கையிலிருந்து பிறந்தது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009 அக்டோபர் 11 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல், தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளை ஏற்படுத்தினார். அது ஆண்டுதோறும் ஜூலை மாத நான்காம் ஞாயிறன்று சிறப்பிக்கப்படுகிறது. நம் பங்கில் அந்த ஞாயிறு எப்படிக் கடந்து போகிறது?

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். தெரிந்த முதியவர் யாரேனும் கைவிடப்பட்டோ துன்புறுத்தப்பட்டோ இருந்தால் 14567 என்ற எல்டர்லைன் உதவி எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை.

வெங்காய மூட்டை

தொடக்கத்தில் சொன்ன அந்தத் தாயாரிடம் திரும்புவோம். ‘அடுத்த வாரமே செய்யலாம்’ என்றுதான் எண்ணினோம். தவக்காலம் வந்தது, உயிர்ப்புப் பெருவிழா வந்தது, பங்குத் திருவிழா வந்தது. ஐந்து மாதங்கள் ஓடிவிட்டன. ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தோடு நாம் போனபோது அவருக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துபோயிருந்தது.

நமக்குப் பேச்சு வரவில்லை. தம் கைகளுக்கு அவர் வேலை கேட்டபோது சிரித்துவிட்டு வந்தவர்கள் அல்லவா நாம்! ஆனால் மூட்டையைப் பிரித்துக் கொட்டியதும் பத்துப் பன்னிரண்டு தாய்மார்கள் சுற்றி அமர்ந்துவிட்டார்கள். அவரையும் நாற்காலியோடு தூக்கி நடுவில் வைத்தோம். சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குழறிய குரலில், “இப்படியா நறுக்குவாங்க? வேர ஒட்ட நறுக்கு” என்று நம் இளைஞன் ஒருவனை அதட்டத் தொடங்கினார். அன்று பகல் முழுவதும் அவர்தான் மேற்பார்வை. சிரிப்புச் சத்தம் தெரு வரை கேட்டது. கொண்டுபோன பிஸ்கட் பொட்டலங்களை யாரும் நினைக்கவேயில்லை.

எருசலேமின் வருங்காலத்தை இறைவாக்கினர் செக்கரியா காட்சியாகக் கண்டபோது அவர் கண்டது அரண்மனையை அல்ல. கையில் கோலூன்றிய முதியவர்களும் மூதாட்டிகளும் தெருக்களில் அமர்ந்திருக்கிறார்கள். அதே தெருக்களில் சிறுவரும் சிறுமியரும் நிறைந்து விளையாடுகிறார்கள். இறைவன் மீட்டெடுத்த நகருக்கு அதுவே அடையாளம். நம் ஊரில் முதியோர் ஒரு சுவருக்குள்ளும் பிள்ளைகள் இன்னொரு சுவருக்குள்ளும் இருக்கிறார்கள். நடுவில் ஒரு வாசலைத் திறக்க நம்மால் முடியாதா?

அடுத்த முறை முதியோர் இல்லத்திற்குப் போகும்போது, ‘என்ன கொண்டு வரட்டும்?’ என்று கேட்பதோடு, ‘எனக்கு என்ன கற்றுத் தருவீர்கள்?’ என்றும் கேட்போம். ஐந்து மாதம் தாமதிக்க வேண்டாம். காத்திருக்க அவர்களுக்கு அவ்வளவு காலம் இல்லை.